ஆசனத்துக்கு அடியில் ஒரு டாங்கி

1908-ல் ஹென்றி ஃபோர்டின் கம்பெனி ‘மாடல் டி’ மோட்டாரை வெளியிட்டது. 1927-க்குள் 1½ கோடி வண்டிகளைச் செய்து தள்ளிவிட்டார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பெட்ரோல் டாங்கி எங்கே இருந்தது தெரியுமா? முன் ஆசனத்துக்கு அடியில்! பெட்ரோல் ஊற்றுவதென்றால், உட்கார்ந்திருப்பவர் இறங்கி, மெத்தையைத் தூக்க வேண்டும். மிச்சம் எவ்வளவு என்று பார்க்க ஒரு மரக்குச்சி.

பம்பு கிடையாது. பெட்ரோல் தன் கனத்தாலேயே என்ஜினுக்கு இறங்கும். டாங்கியில் பெட்ரோல் குறைந்து, மேடும் செங்குத்தாக இருந்துவிட்டால் இறங்காது. ஓட்டுகிறவர்கள் சளைக்கவில்லை, வண்டியைத் திருப்பி, பின்பக்கமாகவே குன்றேறினார்கள்!

மேட்டை ஜயித்த அந்த வண்டியைக் கொட்டகை ஜயித்துவிட்டது. பெட்ரோல் இரும்பைத் தின்பதில்லை. பாதி காலியான டாங்கிக்குள் புகுந்த காற்றின் ஈரம் குளிரில் நீராகிறது. பெட்ரோலைவிடக் கனமானதால் அடியில் போய்த் தங்கி இரும்பை அரிக்கிறது. துருப்பொடி குழாயை அடைக்கிறது.

பழைய வண்டிப் பிரியர்கள் டாங்கியைக் கழற்றி, பெட்ரோல் ஆவி போகக் கழுவி, உள்ளே சங்கிலித் துண்டுகளைப் போட்டுக் குலுக்குகிறார்கள். துரு உதிர்கிறது. சில சமயம் துருவே அதுவரை ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தது தெரியவருகிறது! அப்புறம் புது டாங்கிதான்.

தினம் சந்தைக்கு ஓடியபோது டாங்கிக்கு இந்தக் கதி வரவில்லை. பாட்டனார் வண்டி என்று பத்திரமாகப் பூட்டி வைத்தார்களே, அப்போதுதான் வந்தது.