பொருநைக் கரையில் உயிர்ப்பாகுபாடு கற்பித்த வரலாறு

உயிருள்ளன, உயிரில்லன எனப் பொருள்களை இருபாற்படுத்திக் காட்டும் பாடம், தொடக்கப்பள்ளியிற் சிறார் முதற்கண் பயில்வனவற்றுள் ஒன்று. கல்லும் நாற்காலியும் ஒருபுறம், ஆடும் மாமரமும் குருவியும் மறுபுறம் என அமைந்த எளிய பாடம் அது. இதன் தோற்றம் குறித்து இருவேறு கருத்துகள் நம்மிடையே நிலவுகின்றன. மேனாட்டுக் கல்விமுறையோடு வந்த புதுவரவு இது என்பர் ஒருசாரார். இக்கால உயிரியல் கூறுவதைத் தொல்காப்பியர் அன்றே கூறிவிட்டார் என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டும் பொருந்தா என்பது நம் துணிபு. பழைய பாடம் இங்கு இருந்தது உண்மை. ஆயின் அது வேறொரு பாடம். நன்னூலுக்கு விருத்தியுரை பிறந்ததும், தமிழ் உரைநடையில் அறிவியற் பாடங்கள் அச்சேறிய காலத்தில் அவற்றிற்குத் துணைநின்றதும் பொருநை பாயும் திருநெல்வேலிச் சீமையேயாதலின், அந்நிலத்தைக் கொண்டே இதனை ஆராய்வாம்.

முதற்கண் நோக்கத்தக்கது, தமிழ் இலக்கணத்தின் முதற்பிரிவு உயிர் பற்றியதன்று என்பது. உயர்திணை, அஃறிணை என்னும் பகுப்பில் ஆடும் கல்லும் ஒரே திணையில் அடங்குவன. மக்களும் தேவரும் நரகரும் உயர்திணை என்றும், ஏனை உயிருள்ளனவும் உயிரில்லனவும் அஃறிணை என்றும் நன்னூலார் பெயரியலில் வகுத்தார். ஆகவே, உயிருள்ளது இல்லது என்னும் வேறுபாட்டைத் தமிழ்ச் சிறுவன் தன் தாய்மொழியின் வினைமுற்றிலிருந்து கற்றுக்கொள்ள இயலாது. மாடு வந்தது, மழை வந்தது, வண்டி வந்தது என மூன்றும் ஒரே ஈறு கொள்கின்றன. கற்கவேண்டிய குழந்தையும் 'அழுகிறது' என்றே கூறப்படுதல் ஈண்டு நினைக்கத்தக்கது. மகவு, குழவி என்னும் சொற்கள் அஃறிணை முடிபு கொள்ளுதலைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் எடுத்தோதியுள்ளார்.

அவ்விடத்து அடுத்து வரும் பட்டியல் இன்னும் சுவையுடையது. காலம், உலகம், உயிர், உடம்பு, ஞாயிறு, திங்கள் முதலிய சொற்கள் அஃறிணையாகவே இசைக்கும் என்பது அதன் கருத்து. ஞாயிறும் திங்களும் தெய்வமாகக் கருதப்படினும் சொல்லால் அஃறிணையே எனத் தனியே விதிக்கவேண்டிய தேவை ஆசிரியர்க்கு நேர்ந்தது. சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாசே 1926இல் வெளியிட்ட நூலில், தாமே இயங்குவனவாகத் தோன்றும் ஞாயிறு, திங்கள், ஆறு ஆகியவற்றை இளஞ்சிறார் உயிருள்ளனவாகக் கொள்ளும் இயல்பை விளக்கினார். பொருநையைத் தாய் என வழங்கும் ஊரில் வளரும் பிள்ளை ஆற்றுக்கு உயிருண்டு என்று விடையிறுப்பின், ஆசிரியர் அதனை அறியாமை என ஒதுக்குதற்கு முன் சற்றே தயங்குதல் நன்று.

இலக்கணம் தராத பகுப்பைத் திண்ணைப் பள்ளியிற் பயின்ற மாணவர்க்குத் தந்தது நிகண்டு. மண்டல புருடரின் சூடாமணி நிகண்டு விருத்தப்பாவால் ஆயது; மனப்பாடத்திற்கு எளியது. அதன் தொகுதிகள் தேவப்பெயரில் தொடங்கி, மக்கட்பெயர், விலங்கின்பெயர், மரப்பெயர் என இறங்கி, பின்னரே இடப்பெயர், பல்பொருட்பெயர், செயற்கை வடிவப்பெயர் என உயிரில்லனவற்றைச் சார்கின்றன. மரத்திற்குப் பின்னரே மண்ணும் மலையும் வருகின்றன. இவ்வரிசையை எவரும் பாடமாக விளக்கவில்லை. பிள்ளைகள் பொருளுணராமலே ஓதினர் என்னும் குறையும் பொய்யன்று. எனினும், ஓதிய வரிசை நெஞ்சில் தங்குதல் இயல்பு.

நிகண்டு முடித்து நன்னூலை அடைந்தவர் சிலரே. அச்சிலர் உரியியலில் இப்பாகுபாட்டை வெளிப்படையாகக் கண்டனர். புல்லும் மரமும் உற்றறியும் ஓரறிவுயிர்; நந்தும் முரளும் சுவையோடு ஈரறிவு; சிதலும் எறும்பும் நாற்றத்தோடு மூவறிவு; தும்பியும் வண்டும் காட்சியோடு நாலறிவு; செவியோடு ஐயறிவு பெற்றன ஏனைய. மரபியலோடு ஒப்பிடின் வேற்றுமை இரண்டு புலனாகும். தொல்காப்பியர் நாலறிவிற்கு நண்டினை எடுத்துக்காட்டினார். நன்னூலார் அதனை விட்டார். தொல்காப்பியர் மனத்தை ஆறாவது அறிவாக்கி மக்களை மேலே நிறுத்தினார். நன்னூலாரோ வானவர், மக்கள், நரகர், விலங்கு, புள் ஆகிய அனைவரையும் ஐயறிவில் ஒருங்கு வைத்தார். பவணந்தியார் சமணர் என்பதும், பொறிகளின் எண்ணிக்கையால் உயிர்களை ஐந்தாக வகுத்தல் சமண நூல் வழக்கு என்பதும் இதற்கு விளக்கமாகும். தொல்காப்பியப் பொருளதிகாரம் நச்சினார்க்கினியர் பெயரால் முழுமையாக அச்சேறியது 1885இல் தாமோதரம் பிள்ளை பதிப்பிலேதான். அதற்கு முன்னர் மாணவர் பெரும்பாலும் அறிந்த ஏணி நன்னூலின் ஏணியே. இன்று 'ஆறறிவு' என்பது எல்லார் நாவிலும் வழங்குதலால் இதனை நாம் மறந்துவிடுகிறோம்.

நன்னூலார் அவ்வளவில் நிற்கவில்லை. உணர்வை இயல்பாக உடைய உயிர் ஒன்றை ஒழித்து, உடல் முதலாகிய ஏனை அனைத்தும் உயிரல்பொருள் என்றார். அடுத்து, ஒற்றுமை நோக்கில் இரண்டும் ஒன்றெனத் தோன்றினும் வேற்றுமை நோக்கில் உடல் வேறு, உயிர் வேறு என்றார். நம் ஆராய்ச்சியின் திருப்பம் இங்கேதான் உள்ளது. இக்காலப் பாடத்தில் மாமரம் உயிருள்ளது. அதனருகிற் கிடக்கும் கல் உயிரில்லது. கோடு மரத்திற்கும் கல்லிற்கும் இடையே செல்கிறது. நன்னூலில் அக்கோடு மரத்தினூடே செல்கிறது: மரத்தின் உடலும் கல்லும் ஒருபுறம், மரத்தினுள் உற்றறியும் உயிர் மறுபுறம். 'மரம் ஓரறிவுயிர்' என்பதும் 'மரம் உயிருள்ளது' என்பதும் ஒரே கூற்றல்ல. முன்னது எதனை உணர்கிறது என்னும் வினாவிற்கு விடை; பின்னது எவ்வாறு உண்டு, உயிர்த்து, வளர்ந்து, இனம் பெருக்குகிறது என்னும் வினாவிற்கு விடை. இரண்டையும் வகுப்பறையில் ஒரே மூச்சிற் கூறி, ஒன்றற்கு ஒன்று சான்றாக்குவாரைக் காண்கின்றோம். நோக்கம் பழம்பெருமை பேணுதலாயினும், அதனால் இரு நூலும் மங்குகின்றன.

சமணர் வகுத்த இந்நூற்பாக்கள் சைவப் புலவர் கையில் இடர்ப்பாடின்றித் தங்கியதற்கும் காரணம் இதுவே. ஊற்றுமலை மருதப்பத் தேவர் வேண்ட நன்னூலுக்கு விரிந்த உரை வகுத்தவர் திருநெல்வேலிச் சங்கர நமச்சிவாயர். அதனைத் திருத்திச் செப்பஞ்செய்தவர் பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்திற் பிறந்து 1785இல் மறைந்த சிவஞான முனிவர். உடம்பு மாயையின் ஆக்கம், உயிர் அதனின் வேறாகிய பசு என்பது சைவ சித்தாந்தம். சிவஞான மாபாடியம் இயற்றிய முனிவர்க்கு உடலை உயிரல்பொருள் எனக் கூறும் நூற்பா அயலாகத் தோன்றியிராது.

புதிய வினா உரைநடையோடு வந்தது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியுசு பள்ளிகள் பலவற்றை நிறுவினார். 1832இல் அவர்தம் பூமிசாத்திரம் வெளிவந்தது. பொருளைச் சுட்டி வரையறை கூறும் தமிழ் உரைநடைக்கு அஃது ஒரு முன்மாதிரி. ஆயின் நம் பொருளை நேரே தொட்டவர் பெ. சுந்தரம் பிள்ளை. மனோன்மணீய ஆசிரியராக மட்டுமே பலரும் அறிந்த அவர், 1870களின் பிற்பகுதியில் திருநெல்வேலி ஆங்கிலத் தமிழ்ப் பள்ளியின் தலைமையை ஏற்றிருந்தார். அப்பள்ளியே பின்னர் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. கோடகநல்லூர்ச் சுந்தர சுவாமிகளைக் குருவாகக் கொண்டதும் இந்நிலத்திலேயே. அறிவியற் பிரிவுகளைத் தமிழில் தொகுத்து நூற்றொகை விளக்கம் எழுதிய அவர், மரங்களின் வளர்ச்சி பற்றியும் மலர்களின் தொழில் பற்றியும் கட்டுரைகள் வரைந்தார். அவ்வரிசையில் ஒன்றன் தலைப்பு 'ஜீவராசிகளின் இலக்கணமும் பிரிவும்' என்பது. வளர்ச்சி, தொழில் என்னும் சொற்களை நோக்குக. உயிர் எதனை உணர்கிறது என்பதினின்று, என்ன செய்கிறது என்பதற்குத் தமிழ் நகர்ந்துவிட்டமையை இத்தலைப்புகளே காட்டுகின்றன. இலக்கணம் என்னும் பழஞ்சொல் மட்டும் உடன் வந்தது. 1990இல் நிறுவப்பெற்ற நெல்லைப் பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்குகிறது. இக்கட்டுரைகள் மறுபதிப்பாகி மாணவர் கைக்கு எளிதிற் கிடைத்தல் வேண்டும் என்பது நம் விழைவு.

இரு வினாக்களையும் ஒரே பொருளின்மேல் வைத்துப் பார்க்க விரும்பும் ஆசிரியர்க்கு இவ்வாற்றங்கரையில் நெல்லினும் தக்க பொருள் இல்லை. சிவகளைத் தாழியொன்றிற் கிடைத்த நெல்மணிகளின் காலம் கி.மு. 1155 எனக் கணிக்கப்பட்டமையைத் தமிழ்நாடு அரசு 2021இல் அறிவித்தது. ஒருகால் உயிர்த்திருந்து பின் ஒழிந்த அதனைக் கல்லோடு சேர்ப்பதா என்று மாணவன் வினவுவான். 'உயிரில்லது' என்பதற்கும் 'உயிர் நீங்கியது' என்பதற்கும் வேற்றுமை அங்கே பிறக்கும். வைக்கோலாற் பொதிந்து கோட்டை கட்டி வைத்த விதைநெல்லோ அசைவதில்லை, வளர்வதில்லை, உண்பதாகவும் தோன்றுவதில்லை. பாடநூலின் அடையாளங்களைக் கொண்டு பார்ப்பின் அது கல்லின் இனமாகவே தோன்றும். அதனுள் உயிர்ப்பு மிக மெல்ல நிகழ்தலைக் கண் காணாது. உழவர் அதனை அறிந்துகொள்ளும் முறை எளிது. விதைப்பதற்கு முன் ஒரு பிடி நெல்லை நனைத்து ஈரத்துணியில் முடிந்துவைப்பர். சில நாள் கழித்து அவிழ்த்து, முளைத்தன எத்தனை என எண்ணிப் பார்ப்பர்.