ஏலமலைச் சரிவில் தன்னார்வ ஆசிரியர்

போடியிலிருந்து தேவாரம் போகும் வழியில், மலையடிவாரத்தில் இருக்கிறது ராசிங்காபுரம். ஏலக்காய் எடுப்புக் காலத்தில் இந்த வட்டாரத்தில் விடியுமுன்னே ஜீப்புகள் கிளம்பிவிடும். தூக்குவாளியோடு நெருக்கியடித்து ஏறும் பெண்கள், போடிமெட்டு கடந்து இடுக்கி ஏலத் தோட்டங்களில் வேலை பார்த்துவிட்டுப் பொழுது சாய்ந்தே திரும்புகிறார்கள். பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்பிவிட வீட்டில் ஆளிருக்காது. மேலே, காட்டுக்குள் ‘குடி’ எனப்படும் பழங்குடிக் குடியிருப்புகளில் பள்ளிக்கூடமே தொலைவு. இவ்விரு குறைகளுக்கும் தன்னார்வ ஆசிரியர் என்ற ஒரே மருந்தைப் பரிந்துரைப்பது தவறு என்பது என் வாதம்.

அடிவாரத்துக் குறை நேரம் சார்ந்தது. 2021இல் தமிழக அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யில், மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகையில் உள்ளூர்த் தன்னார்வலர்கள் மாலை வகுப்பு நடத்தினார்கள். ஜீப் திரும்பாத அந்த அந்திப்பொழுதில் அவ்வகுப்பு பிள்ளைக்குப் பாடமாகவும் பாதுகாப்பாகவும் அமையும். பகல் பள்ளி அப்படியே இருக்க, விடுபட்ட நேரத்தைத் தன்னார்வலர் நிரப்புகிறார். இது பொருத்தமான பணி.

மலைக்குடியில் நிலைமை வேறு. மூணாறுக்கு அப்பால், முதுவர் பழங்குடியினர் வாழும் இடமலைக்குடி 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியானது. அதன் இருப்புக்கல்லுக் குடியில் ஆசிரியர் பி.கே. முரளீதரனும் தேநீர்க் கடைக்காரர் பி.வி. சின்னத்தம்பியும் சேர்ந்து, சுமார் 160 புத்தகங்களோடு காட்டு நடுவே நூலகம் நடத்தினார்கள். யார் எந்தப் புத்தகத்தை எடுத்தார் என்பதைச் சின்னத்தம்பி கைப்பட ஒரு பேரேட்டில் எழுதிவைத்தார். இலக்கிய நூல்களே அங்கு மிகுதி. குடிமக்கள் அவற்றை வாங்கிப் படித்தார்கள். பழங்குடிக்கு எழுத்தறிவே போதும் என்ற அலட்சியத்தை அந்தப் பேரேடு ஒன்றே மறுத்துவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் குடியோடு ஒட்டி உழைத்ததால் விளைந்த பயன் அது. வீட்டில் தமிழை ஒட்டிய பேச்சும் பள்ளியில் மலையாளமுமாக வளரும் முதுவப் பிள்ளையின் தடுமாற்றம், சில மாதம் வந்துபோகும் தன்னார்வ இளைஞருக்குப் பிடிபடாது. அவர் பழகி முடிப்பதற்குள் கிளம்ப வேண்டியிருக்கும். பிள்ளைகள் அடுத்தவரிடம் அரிச்சுவடியிலிருந்து தொடங்குவார்கள்.

ஆனால் அப்படி மலையில் தங்கி உழைத்தவர்களைக் கேரள அரசு எப்படி நடத்தியது? 1997 முதல் கேரள மலைகளிலும் காடுகளிலும் இயங்கிய ஓராசிரியர் பள்ளிகள் 2022இல் மூடப்பட்டன. அங்கே கற்பித்தவர்களின் பதவிப் பெயரே ‘வித்யா தன்னார்வலர்’. அப்படி 344 பேர் இருந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்குக் கிடைத்தது பள்ளித் துப்புரவுப் பணி. கால் நூற்றாண்டு வரை கற்பித்த கைகளில் துடைப்பம் கொடுக்கப்பட்டதை எந்த நிர்வாகக் காரணமும் நியாயப்படுத்தாது. தன்னார்வம் என்ற பெயர், ஊதியத்தையும் பணிப்பாதுகாப்பையும் மறுக்க வழிசெய்துவிட்டது.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இருந்தால் இரண்டு ஆசிரியர்கள் வேண்டும் என்கிறது. மலைக்கு விலக்கு எதுவும் இல்லை. போடிக்கு மேலே உள்ள கொட்டகுடி ஊராட்சியின் மலைக்குடிகளுக்கும் அதே கணக்குதான் பொருந்தும். குடியிலேயே படித்த பெண்ணையோ பையனையோ பயிற்சி கொடுத்து அந்த ஆசிரியர் பணியிடங்களில் நிரந்தரமாக அமர்த்தலாம். ராசிங்காபுரத்துப் பட்டதாரி தன்னார்வலராக அவருக்குத் துணை நின்று கதை சொல்லவும் கணக்குப் போடவும் மலையேறலாம். வருகைப் பதிவேடு மட்டும் நிரந்தர ஆசிரியரின் கையில் இருக்க வேண்டும்.