தடை தாண்டும் நாய்களுக்கு வெயிலே முதல் ஆபத்து: காளஹஸ்தி பகுதியில் கவனிக்க வேண்டியவை

ஸ்ரீகாளஹஸ்தி, திருப்பதி பகுதிகளில் கோடை வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். நாய்க்குப் பாதங்களில் மட்டுமே சிறிதளவு வியர்க்கும். மூச்சிரைத்துத்தான் அது உடல் சூட்டைத் தணிக்கிறது. எனவே 'அஜிலிட்டி' எனப்படும் தடை தாண்டும் போட்டிக்கு இங்கு நாயைப் பழக்குவோர் முதலில் கருத வேண்டியது வெயிலைத்தான்.

குதிரைகளின் தடை தாண்டும் போட்டியை மாதிரியாகக் கொண்டு, 1978-இல் லண்டன் கிரஃப்ட்ஸ் கண்காட்சியில் இவ்விளையாட்டு அறிமுகமானது. பன்னாட்டு நாயினக் கூட்டமைப்பின் (எஃப்.சி.ஐ.) விதிப்படி, 18 மாதம் நிறையாத நாய் போட்டியிட இயலாது. வளரும் எலும்பின் முனைகள் முழுதாக இறுகும் முன் குதிக்க வைத்தால் மூட்டுகள் பாதிக்கப்படும் என்பதே காரணம். பெரிய நாய்களுக்கான தடையின் உச்ச உயரம் முன்பு 65 செ.மீ.; தற்போது 60 செ.மீ. கர்ப்பிணி நாய்களுக்கும் அனுமதி இல்லை.

இவ்வளவு விதிகள் இருந்தும் காயங்கள் குறையவில்லை. நாய் வளர்ப்போரிடம் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வில், போட்டி நாய்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒன்று காயமுற்றிருந்தது. தோள்பட்டையும் முதுகுமே அதிகம் பாதிக்கப்பட்டன.

இந்தியாவில் 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், நுழைவுக் கட்டணம் பெற்று நடத்தும் கேளிக்கைகளில் விலங்குகளைப் பழக்கிக் காட்டுவோர் பதிவு செய்துகொள்ள வேண்டும். காவல், ராணுவப் பணிக்கான பயிற்சிக்கு விலக்கு உண்டு. ஆனால் வெயில் எந்த நாய்க்கும் விலக்கு அளிப்பதில்லை.

கோடையில் பயிற்சியை விடியற்காலையிலேயே முடித்துவிடுவது நல்லது. புறங்கையைத் தரையில் சில நொடிகள் வைத்திருக்க முடியாவிட்டால், அத்தரை நாயின் பாதத்தையும் சுடும். பக், புல்டாக் போன்ற தட்டை முக இனங்களால் போதிய அளவு மூச்சிரைக்க இயலாது. அவற்றை இப்போட்டிக்குப் பழக்காதிருப்பதே மேல்.

நாயின் இயல்பான உடல் வெப்பம் சுமார் 38 முதல் 39 டிகிரி. ஓட்டத்தின்போது இது சற்று உயரும். 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. இடைவிடாத மூச்சிரைப்பு, கெட்டியான எச்சில், ஈறு அடர்சிவப்பாதல், தள்ளாட்டம் ஆகியவை வெப்பவாதத்தின் அறிகுறிகள். உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றி விசிற வேண்டும். ஈரத் துணியால் போர்த்தி வைத்தால் சூடு உள்ளேயே தங்கிவிடும். உடல் குளிர்ந்து நாய் எழுந்து நின்றாலும், அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிறுநீரகப் பாதிப்பு ஓரிரு நாள் கழித்தே வெளிப்படக்கூடும். காளஹஸ்தியிலிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவில், திருப்பதியில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி உள்ளது.