அட்டைக்கடியும் ஆறாத புண்ணும்

மழை விட்ட மறுகணமே கண்டியருகே ஹந்தானை மலைச்சரிவில் புல்நுனிதோறும் நிமிர்ந்து நின்று, வழிப்போக்கனின் காலடி அதிர்வை உணர்ந்து அவனை நோக்கி விரைந்து வரும் காட்டட்டையைப் பற்றி, கண்டி இராச்சியம் பிரிட்டிஷார் கைக்குப் போன காலத்து ராணுவ வைத்தியர்கள் எழுதிவைத்த குறிப்புகள், அந்தச் சிறு ஜந்துவைவிட அது கடித்த சரீரங்களைப் பற்றியே நமக்கு அதிகம் தெரிவிக்கின்றன.

1818இல் கண்டியர் கிளர்ச்சியை அடக்க மலைக்காடுகளினூடே படைகள் நடந்தபோது, மதராஸ் சிப்பாய்களும், வழி வெட்டிச் சென்றவர்களும், சுமை தூக்கிய கூலிகளும் அட்டைக்கடியால் விசேஷமாக வருந்தினர். பலர் மாண்டும் போயினர். விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியின் தம்பியான ஜான் டேவி என்னும் ராணுவ வைத்தியர், 1821இல் வெளியிட்ட நூலில் இதன் காரணத்தை ஆராய்கிறார்: கடி அற்பமானதே, ஆயினும் சீழ் பிடிக்கும், தேகநிலை கெட்டவர்களிடத்திலோ அது பெரும்புண்ணாகப் பரவி, அவயவத்தையும் சில வேளைகளில் பிராணனையும் கொண்டுபோகும் என்பது அவர் கண்டது. தேகநிலையைக் கெடுத்தது எது என்று அவர் விசாரித்திருந்தால், ஈரத்தில் படுத்து, அரைவயிற்றுடன் சுமந்து நடந்த வாழ்க்கையே விடையாக வந்திருக்கும் என்பது என் எண்ணம். சுமையைப் பிடித்த கைகளுக்கு அட்டையைப் பிடுங்கியெறிய ஓய்வேது என்பதைப் பின்னாளில் இலங்கையின் காலனித்துவச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ட்டும் கவனித்திருக்கிறார். தோட்டத் துரைமாருக்கு நெருக்கமாக நெய்த துணிக் காலுறைகள் இருந்தன. ஊரார் எண்ணெயும் புகையிலைச் சாம்பலும் எலுமிச்சைச் சாறும் பூசிக்கொண்டார்கள். அந்தச் சாறு இரத்தத்தை நிறுத்துவதோடு புண்ணையும் விரைவில் ஆற்றும் என்று டெனன்ட் எழுதுகிறார்.

அட்டையின் உமிழ்நீர் இரத்தத்தை உறையவிடாது. ஆகவே அது விழுந்த பின்னும் காலில் குருதி வழிந்துகொண்டே இருக்கும். நடுவில் பிய்த்து எடுத்தாலோ காயம் அரிக்கும். சேறு படிந்த நகத்தால் சொறிய, கிருமி உள்ளே போகும். உப்போ சவர்க்காரமோ பட்டால் அட்டை தானே விட்டுவிடும் என்பது கொழுந்து பறிப்பவர்களுக்கு நன்கு தெரிந்த விஷயம்.

கோப்பிக் காலத்தில் தோட்ட வேலைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வழியே கால்நடையாக மலையேறிய நம் மக்களுக்கு, டேவி சொன்ன அந்தத் தேகநிலை பிரயாணத்திலேயே வாய்த்துவிட்டது. இரவில் மரத்தடியில் தங்கி, கொண்டுவந்த அரிசி தீர்ந்தபின் கிடைத்ததைத் தின்று நடந்தவனின் கணுக்காலில், ஒரு கடி புண்ணாவதற்குப் பல நாள் தேவைப்பட்டிராது. புதுத் தசை வளர்வதற்கு வேண்டிய போஷாக்குத்தான் உடம்பில் இல்லை.

ஜேம்ஸ் டெய்லர் கண்டி மாவட்டத்து லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட அதே 1867இல்தான், ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் காயங்களைச் சீழ் பிடிக்காமல் காக்கும் முறையைப் பிரசுரித்தார். தோட்டத்தொழிலாளரின் வைத்தியத்துக்குத் துரைமாரும் பணம் செலுத்த வேண்டுமென்ற சட்டம் 1872இல் வந்தது. ஆஸ்பத்திரிகளும் மருந்துச்சாலைகளும் மெள்ள மெள்ளத் தோன்றின. புண்ணுக்குப் பூச மருந்து கிடைத்தது. கொடுத்த அரிசியின் விலையை மட்டும் தோட்டக் கணக்கு வழக்கம்போலவே சம்பளத்தில் கழித்துக்கொண்டு வந்தது.