தோற்றுத் தோற்று ஜெயித்த தளபதி: யானோஷ் ஹுன்யாடி

ஐரோப்பாவில் பல ஊர்களில் மதியம் 12 மணிக்கு தேவாலய மணி அடிக்கும். 1456-ல் பெல்கிரேடில் துருக்கியரை ஜெயித்த நினைவுக்கு என்று ஹங்கேரியில் பெருமையாகச் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. அந்தக் கதைக்கு கடைசியில் வருவோம், முதலில் ஹீரோ.

பெயர் யானோஷ் ஹுன்யாடி. அப்பா வாலாக்கியாவில் இருந்து வந்தவர். 1409-ல் மன்னர் கொடுத்த ஹுன்யாட் கோட்டைதான் குடும்பப் பெயரே. பரம்பரைப் பிரபுக்களுக்கு நடுவில் புதுசு. வாளை மட்டும் நம்பி மேலே வந்தவர். 1446-ல், மன்னர் ஆறு வயசுப் பையன் என்பதால், நாட்டை ஆளும் பொறுப்பே இவர் கைக்கு வந்தது.

ஆனா இவர் ரெக்கார்டைப் பார்த்தா ஆச்சரியமா இருக்கும். 1444 வர்ணா போரில் படுதோல்வி, கூட வந்த இருபது வயசு மன்னர் அங்கேயே காலி. 1448 கொசோவோவிலும் தோல்வி, திரும்பும் வழியில் செர்பிய ஆட்சியாளரிடம் மாட்டிக்கொண்டார்.

1453-ல் கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்த சுல்தான் இரண்டாம் மெஹ்மத், 1456-ல் பெல்கிரேடுக்கு வந்தார். கோட்டைக்குள்ளே இருந்தது ஹுன்யாடியின் மைத்துனர் மிஹாய் ஸிலாகி. டான்யூபை துருக்கியப் படகுகள் அடைத்திருந்தன. ஜூலை 14-ல் ஹுன்யாடி அதை உடைத்து உள்ளே போனார். கூடவே, கபிஸ்த்ரானோ என்ற எழுபது வயசு துறவி திரட்டிய விவசாயிகள். கையில் இருந்தது பெரும்பாலும் அரிவாளும் தடியும்தான்!

ஜூலை 22 அன்று, யாரும் வெளியே போகக்கூடாது என்பது ஹுன்யாடியின் கட்டளை. விவசாயிகள் கேட்கவில்லை, பாய்ந்துவிட்டார்கள். அவர் திட்டிக்கொண்டு நிற்காமல் தானும் இறங்கி துருக்கியரின் பீரங்கிகளைப் பிடித்தார். சுல்தானுக்குக் காயம், அன்று ராத்திரியே பின்வாங்கல்.

மூன்றே வாரம். முகாமில் பரவிய கொள்ளைநோயில் ஆகஸ்ட் 11-ல் ஹுன்யாடி இறந்துபோனார். எந்த மன்னருக்காக நாட்டைக் காத்தாரோ, அதே மன்னர் 1457-ல் இவருடைய மூத்த மகன் லாஸ்லோவின் தலையை வெட்டினார். அடுத்த வருஷமே 14 வயசு இளைய மகன் மாத்யாஷ் மன்னரானது வேறு கதை. பெல்கிரேட் மறுபடி விழ 1521 ஆனது. அதாவது 65 வருஷ அவகாசம்!

இப்போ அந்த மணி. போப் மூன்றாம் கலிஸ்டஸ் உத்தரவு போட்டது ஜூன் 29, அதாவது போருக்கு முன்னாடி. ஜெயிக்க வேண்டுமே என்ற பிரார்த்தனைக்காக. வெற்றிச் செய்தி பரவிய பிறகு அதுவே நன்றி மணியாகிவிட்டது.

என்னைக் கேட்டால், பயத்தில் ஆரம்பித்த மணி என்பதுதான் இவருக்குப் பொருத்தம். அவரை நம்பியவர்களும் அப்படிப் பயந்துகொண்டேதான் நம்பியிருப்பார்கள்.