மீள்பிணைப்பு இறுகும் பிளாஸ்டிக்

மீள்பிணைப்பு இறுகும் பிளாஸ்டிக் என்பது, இறுகிய பின்னும் தன் வேதிப்பிணைப்புகளை மாற்றிக்கொண்டு மறுபடி வார்ப்புக்கு வரும் பலபடி வகை ஆகும்.

பின்னணி: பாலித்தீன் போன்ற இளகும் பிளாஸ்டிக்கில் மூலக்கூற்றுச் சங்கிலிகள் தனித்தனியே இருப்பதால் சூட்டில் உருகும். பேக்கலைட் (1907), எப்பாக்சி, மெலமைன் போன்ற இறுகும் வகைகளில் சகப்பிணைப்புகள் சங்கிலிகளைக் குறுக்கே கட்டி ஒரே வலையாக்குகின்றன. அவை உறுதியாக இருப்பதும், சூடாக்கினால் உருகாமல் கருகுவதும் இதனால்தான்.

செயல்முறை: முதல் வகையில் பிணைப்பு பிரிந்து, பின் சேர்கிறது. ஃபியூரான், மாலியிமைடு என்னும் வேதித்தொகுதிகள் டீல்ஸ்-ஆல்டர் வினையால் இணைந்த வலை, ஏறத்தாழ 120 டிகிரி செல்சியசுக்கு மேல் பிரிந்து, ஆறும்போது மீண்டும் கூடும். கலிபோர்னியாவில் ஃபிரெட் வுடல் குழு 2002இல் இதைக் காட்டியது. இரண்டாம் வகையில் புதிய பிணைப்பு உருவாகும்போதே பழையது விலகுவதால், பிணைப்புகளின் எண்ணிக்கை குறைவதில்லை. பாரிசில் லுட்விக் லெய்ப்லர் குழு 2011இல் துத்தநாக வினையூக்கி கொண்டு எப்பாக்சியில் இதைச் செய்தது. விட்ரிமர் எனப்படும் இப்பொருளைச் சூட்டில் கண்ணாடியைப்போல் வளைத்து வடிவமைக்கலாம்.

இந்தியாவில்: கரக்பூர் ஐ.ஐ.டி.யில் நிகில் சிங்கா குழு, விரிசலைத் தானே சரிசெய்யும் டீல்ஸ்-ஆல்டர் பலபடியை 2009இல் வெளியிட்டது. ஆதித்ய பிர்லா குழுமம் 2019இல் ‘ரீசைக்ளமின்’ என்னும் இறுக்கிப்பொருளின் தொழில்நுட்பத்தை வாங்கியது. இதைக் கொண்டு இறுக்கிய எப்பாக்சி, மிதமான சூட்டில் மென் அமிலத்தில் கரைவதால் அதனுள் பதிந்த இழையையும் பிசினையும் தனித்தனியே மீட்கலாம். இது மீள்பிணைப்புக்கு நெருங்கிய, ஆனால் பிணைப்பு மீண்டும் சேராமல் வெட்டுப்படும் முறை. சீமென்ஸ் கமேசா நிறுவனத்தின் மறுசுழற்சிக்கு ஏற்ற காற்றாலை இறக்கைகளில் இந்த இறுக்கிப்பொருள் பயன்படுகிறது.

திருச்சியும் தமிழகமும்: திருச்சி அரியமங்கலம் குப்பைக் கிடங்கின் பழைய குப்பை அகழ்ந்து பிரிக்கப்பட்டு, எரியக்கூடியவை சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாகின்றன. இறுகும் பிளாஸ்டிக் கழிவுக்கும் இன்று பெரும்பாலும் கிடைக்கும் வழி எரிப்போ புதைப்போதான். முப்பந்தல் போன்ற இடங்களில் 1980களின் பிற்பகுதி முதல் வளர்ந்த காற்றாலைகளின் கண்ணாடியிழை இறக்கைகள் வயது முதிரும்போது, அவற்றை என்ன செய்வது என்னும் கேள்வி தமிழகம் முழுவதற்கும் எழும்.

வரம்புகள்: பிணைப்பு நகர்வதால், அதிக வெப்பத்தில் சுமை தாங்கும் பொருள் மெல்ல உருமாறலாம். விலையும் தடையாக உள்ளது. முன்பே குவிந்த கழிவில் பெரும்பகுதிக்கு இந்தப் புதிய பிளாஸ்டிக் தீர்வாகாது. ஆகவே மறுசுழற்சியைப் பிசின் வடிவமைக்கும் கட்டத்திலேயே தொடங்குவதுதான் சரியான வழி.