ஒழுகலைக் காட்டிக்கொடுத்த கூரைகள்

புதுச்சேரியின் பழைய வீடுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தெருவில் நின்றுகொண்டே எழுதிவிடுகிறார்கள். மஞ்சள் சுவர், வளைவு வாசல், திண்ணை, தாழ்வாரம், மாடிச் சன்னலின் மரச்சட்டம் என்று பேச்சு முகப்போடு முடிந்துவிடுகிறது. அந்த வீடுகளை இத்தனை காலம் நிறுத்தி வைத்ததும், கடந்த அறுபது ஆண்டுகளில் ஒவ்வொன்றாகச் சாய்த்ததும் கூரைதான். ஆண்டு மழை சுமார் 130 செ.மீ.; அதில் பாதிக்கு மேல் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையே கொட்டித் தீர்த்துவிடும். புயல் வந்தால் ஒரே இரவில் கொட்டும். இப்படிப்பட்ட கடலோர ஊரில் ஒழுகாத கூரை எந்தக் காலத்திலும் இருந்திருக்க முடியாது. பிரெஞ்சுக்காரர் கட்டியதும் ஒழுகியது, செட்டியார் கட்டியதும் ஒழுகியது. ஆகவே பழைய வீடு ஏன் நின்றது என்ற கேள்விக்கு, அது நன்றாகக் கட்டப்பட்டதால் ஒழுகவில்லை என்ற வழக்கமான பதில் பொருந்தாது. எங்கே ஒழுகுகிறது என்பதை உள்ளே குடியிருந்தவருக்கு அது ஒளிக்காமல் காட்டியது, அதனால் நின்றது என்பதே என் கணிப்பு.

இந்தக் கூரைகளின் வயதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1761 ஜனவரியில் ஊர் ஆங்கிலேயர் வசமானது. அந்தப் புத்தாண்டு நாளில் அடித்த புயல் முற்றுகையிட்டிருந்த கப்பல்களில் சிலவற்றை மூழ்கடித்தும் முற்றுகை விலகவில்லை. பிடித்தவர்கள் கோட்டையையும் பெரிய கட்டடங்களையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். பாரீஸ் உடன்படிக்கைப்படி 1765இல் பிரெஞ்சுக்காரருக்கு ஊர் திரும்பக் கிடைத்தபின், லா தெ லொரிஸ்தோன் கவர்னராக இருந்த காலத்தில் பழைய தெருக்களின் மேலேயே மறுபடி கட்டத் தொடங்கினார்கள். நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை போல அழிவுக்கு முந்தியவை மிகச் சில. நாம் இன்று பழைய கூரை என்று அண்ணாந்து பார்ப்பவை அநேகமாக 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 19ஆம் நூற்றாண்டிலும் போட்டவை. அவை இரண்டு வகை. ஊரை இரண்டாகப் பிரிக்கும் கால்வாய்க்குக் கிழக்கே, பிரெஞ்சுக்காரர் தெருக்களில் மட்டமான மெட்ராஸ் டெரஸ். மேற்கே தமிழர் தெருக்களில் முற்றத்தை நோக்கிச் சரியும் ஓட்டுக்கூரை. பின்னாளில் இரண்டும் கலந்து, கீழே ஓட்டுத் தாழ்வாரமும் மேலே மட்டத்தளமுமாக ஒரே வீட்டில் குடியேறின.

மெட்ராஸ் டெரஸ் என்பது கீழிருந்து பார்த்தால் எளிதில் பிடிபடும் கட்டுமானம். சுவரிலிருந்து சுவருக்கு உத்திரம். அதன்மேல் நெருக்கமாகத் தேக்கு விட்டங்கள். விட்டங்களுக்கு மேலே மெல்லிய செங்கற்களை நெட்டுக்குத்தாக, மூலைவாட்டில், சுண்ணாம்புச் சாந்தில் அடுக்குவார்கள். அது இறுகியதும் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து 3, 4 அங்குலத்துக்குக் கொட்டி, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கொட்டாப்புளியால் நாள்கணக்கில் அடிப்பார்கள். அடித்த கட்டை துள்ளும்வரை அடி நிற்காது. அதற்குமேல் தட்டோடு. இத்தனை அடுக்குக்கும் கீழே தனியாக உட்கூரை என்று ஒன்று கிடையாது. கூரையின் எலும்பே அறையின் விதானம். இதுதான் முக்கியம். மேலே ஓர் இடத்தில் தட்டோட்டின் சந்து திறந்துகொண்டால், தண்ணீர் ஜல்லிக்குள் ஊறி இறங்கி, ஏதோ ஒரு விட்டத்துக்கும் அடுத்த விட்டத்துக்கும் நடுவிலுள்ள செங்கல் வரிசையில் தலைகாட்டும். வரும்போது சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருவதால் சந்தில் வெள்ளையாக உப்புப் பூக்கும். வெள்ளைக் கோடு காய்ந்து தூளாக உதிர்ந்தால் பழைய கசிவு. விரல் வைத்தால் ஈரம் ஒட்டினால் இந்த மழையின் கசிவு. சுவரிலிருந்து இத்தனையாவது விட்டம், வாசலிலிருந்து இத்தனை அடி என்று எண்ணிக்கொண்டு கொத்தனார் மாடிக்கு ஏறினால், அதே எண்ணிக்கையில் மேலே நிற்கலாம். சின்ன விரிசலாக இருந்தால் அவர் ஏறவே வேண்டாம். கரைந்த சுண்ணாம்பு திரும்பப் படிந்து மயிரிழை விரிசல்களைத் தானே அடைத்துவிடுவதும் உண்டு.

ஓட்டுக்கூரை இவ்வளவு நேர்மையானதல்ல. நாட்டு ஓடானாலும், பாசல் மிஷன் 1865இல் மங்களூரில் தொழிற்சாலை தொடங்கியபின் தென்னாடெங்கும் பரவிய சீமை ஓடானாலும், உள்ளே புகுந்த நீர் புகுந்த இடத்திலேயே விழுவதில்லை. ஓட்டின் அடிப்பக்கமாக வழிந்து, ரீப்பரில் தொற்றி, கைமரத்தின் சரிவில் ஓடி, ஒரு முடிச்சோ ஆணியோ தடுக்கும் இடத்தில்தான் சொட்டும். சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை மாற்றியவர் ஏமாந்து போவார். ஆனால் அந்த வழியும் கண்ணுக்குத் தெரிந்தே இருந்தது. சொட்டிலிருந்து கைமரத்தோடு மேல்நோக்கிப் பார்வையை நடத்திக்கொண்டு போனால் ஈரத்தின் கறுப்புக் கோடு எங்கே தொடங்குகிறதோ அதுவே வாய். மழை இல்லாத நாளிலும் பார்க்க வழி உண்டு. உச்சி வெயிலில் கதவுகளைச் சாத்திவிட்டு இருட்டில் நின்றால், விலகிய ஓட்டின் சந்தில் வெளிச்சப் பொட்டு தெரியும். அடுக்களைப் புகை படிந்து கறுத்த கூரையில் அது இன்னும் துலக்கமாகத் தெரியும். புகையை வெளியேற்றத் துடிக்கிற இன்றைய அடுக்களைக்கு அந்த வசதி இல்லை. முற்றத்தின் நான்கு கூடுவாய்களும், தாழ்வாரக் கூரை சுவரோடு சேரும் இடமும்தான் எப்போதும் முதல் சந்தேகத்துக்குரியவை. இரண்டு சரிவின் நீரையும் ஒன்றாக வாங்குவது கூடுவாய். சுவரும் மரமும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்கும் இடம் மற்றது.

இந்த ஊரின் பருவமும் இதற்கு ஒத்துழைத்தது. ஆடிக் காற்று ஓட்டை நகர்த்தும். ஆவணி, புரட்டாசியில் மாலை இடியோடு வரும் சிறு மழைகள் எந்த ஓடு நகர்ந்தது என்று சொல்லிக்கொடுக்கும். ஐப்பசி அடைமழைக்கு முன்னால் ஓட்டைப் பிரித்துப் போட்டுவிடலாம். பெருமழைக்கு முன்னே இயற்கையே ஒரு சோதனை மழையை அனுப்பிவைக்கும் ஊர்களில் இது ஒன்று. அந்தச் சோதனையின் முடிவைப் படிக்க வேண்டிய ஏடு உள்ளே திறந்து கிடந்தது.

இங்கே ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்புதான். விட்டமும் செங்கல்லும் தெரிந்தது ஒழுகலைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று யாரும் திட்டமிட்டதால் அல்லவே, மூடுவதற்குப் பலகையும் பணமும் வீண் என்று விட்டதால்தானே? இருக்கலாம். ஆனால் ஒரு கட்டுமானத்தின் பயனை அதைக் கட்டியவரின் எண்ணத்தை வைத்து அளக்கத் தேவையில்லை. திண்ணையைக்கூட ஊர்வம்பு பேசவென்று யாரும் திட்டமிடவில்லை. இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது: மெட்ராஸ் டெரஸின் மிக மோசமான அழுகல் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் நடக்கிறது. சுவருக்குள் புதைந்திருக்கும் விட்ட முனையில் ஈரம் தங்கி, கரையான் ஏறி, மரம் உள்ளே பொடியாகிவிடும். அறைக்குள் தெரியும் பகுதி தேக்கின் பளபளப்போடு அப்படியே இருக்கும். இது முழு உண்மை. அந்த ஒரு சாணில் பழைய கூரையும் குருடுதான். ஆனால் அங்கேயும் சுவரை ஒட்டிய ஈரக் கறை, விட்டத்தின் கீழே கொட்டிக் கிடக்கும் மண்தூள், கைத்தடியால் தட்டினால் கேட்கும் பொத்தல் ஓசை என்று புறத்தடயங்கள் இருந்தன. தட்டிப் பார்க்க முடிந்ததே விட்டம் திறந்து கிடந்ததால்தான்.

கான்கிரீட் வந்ததும் எல்லாம் மாறியது என்று ஒரே அடியாகச் சொல்லவும் முடியாது. இந்தியாவின் முதல் நவீன கான்கிரீட் கட்டடங்களில் ஒன்றான அரவிந்தர் ஆசிரமத்துக் கோல்கொண்டே விடுதி இந்த ஊரில்தான் இருக்கிறது. 1930களின் பிற்பகுதியில் அன்டோனின் ரேமண்ட் வடிவமைக்க, ஜார்ஜ் நகாஷிமாவும் ஃபிரான்டிசெக் சாமரும் உடனிருந்து எழுப்பினார்கள். அவர்கள் கான்கிரீட் தளத்தை வெயிலுக்கும் மழைக்கும் அப்படியே விட்டுவிடவில்லை. வளைந்த பெரிய கான்கிரீட் ஓடுகளை வார்த்து, இடையே காற்று புகும்படி தளத்தின் மேல் பரப்பினார்கள். நம் கொத்தனார்களும் தங்கள் வழியில் அதையே செய்தார்கள்; புதிய கான்கிரீட் தளத்தின் மேலும் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பைப் போட்டுத் தட்டோடு பதித்தார்கள். மேல்பக்கத்து அறிவு தொடர்ந்தது. அறுந்து போனது கீழ்ப்பக்கத்து அறிவு. பூசி வெள்ளையடித்த கான்கிரீட் தளத்தில் நீர் ஒரு மூலையில் புகுந்து, மின்குழாயைப் பிடித்துக்கொண்டு நடந்து, மின்விசிறிக் கொக்கியில் சொட்டும். கறை தோன்றும் இடத்துக்கும் வாய்க்கும் சம்பந்தம் இல்லாமல் போகலாம். மழை நின்று இரண்டு நாள் கழித்துக் கறை விரிகிறதா, கோடையிலும் ஈரம் இருக்கிறதா என்று பார்த்தால்தான் காரணம் மழையா, மேலே உள்ள தண்ணீர்த் தொட்டியின் குழாயா என்றே தெரியும். கடற்காற்றின் உப்பு சேர்ந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்துக் காரையைப் பிளந்து தள்ளும். துருக்கறை வெளியே தெரியும்போது கம்பி ஏற்கெனவே இளைத்திருக்கும். கான்கிரீட் குறைவாக ஒழுகும் என்பதை மறுக்கவில்லை. அது தாமதமாகச் சொல்லும் என்பதே குறை.

கூரை காட்டினாலும் பார்க்க ஆள் வேண்டும். இந்த ஊரின் தனி வரலாறு குறுக்கிடுவது இந்த இடத்தில்தான். 1954 நவம்பர் 1இல் ஆட்சி பிரான்சிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியது. 1956இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்தபோது, இங்கே பிறந்தவர்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்க ஆறு மாத அவகாசம் கிடைத்தது. தேர்ந்தெடுத்த குடும்பங்கள் பல, நாளடைவில் பிரான்சுக்குப் போயின. வாரிசுகள் நான்கைந்தாகப் பிரிந்தார்கள்; பூட்டிய வீடுகள் பெருகின. முதல் மழையில் எண்ண வேண்டிய விட்டத்தை எண்ண ஆளில்லை. ஒரு செங்கல் சந்தில் தொடங்கிய ஈரம் விட்டத்தைத் தின்று, விட்டம் தளத்தை இழுத்துக்கொண்டு விழும்வரை அந்த வீட்டுக்குள் யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. மனை விலையின் பேராசை பழைய வீடுகளை அழித்தது என்பார்கள்; அது பாதிதான் சரி. இடிக்க விலை பேசப்பட்ட வீடுகள் பல, அதற்கு முன்பே மேலிருந்து கரைந்து போனவை.

பிறகு மீட்பு வந்தது, பாரம்பரியக் காப்பு அமைப்பான இன்டாக்கின் முயற்சியால். வைசியாள் தெரு முகப்புகள் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில் சீர்பெற்று 2008இல் யுனெஸ்கோவின் பரிசையும் பெற்றன. பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் முகப்பைக் காப்பதே பாரம்பரியம் என்று பார்ப்பவர்கள் முடிவு கட்டிக்கொண்டார்கள். வீடுகள் விடுதிகளாகவும் உணவகங்களாகவும் மாறியபோது குளிர்சாதனத்துக்காக விட்டத்துக்குக் கீழே ஜிப்சம் பலகை ஏறியது. தளத்தின் மேலே சிமெண்ட் பூச்சு ஏறி, சுண்ணாம்பு உறிஞ்சிய ஈரம் வெளியேறும் வழியை அடைத்தது. மேலும் கீழும் மூடிய மரம் நடுவில் ஊறுகிறது. பலகையில் கறை தெரியும் நாளில் விட்டத்தின் நிலை என்ன என்பதைப் பலகையைக் கிழிக்காமல் சொல்ல முடியாது.

மேரி கட்டடத்தை எனக்கு எதிராகக் காட்டலாம். 1870 வாக்கில் கடற்கரையில் கட்டிய அந்த நகராட்சி மாளிகை, மீட்புத் திட்டம் பேச்சில் இருந்தபோதே 2014 நவம்பர் 29 அன்று கனமழையில் இடிந்து விழுந்தது. அதன் பழுது யாருக்கும் தெரியாத ரகசியம் அல்ல; தெரிந்தும் விழுந்தது. உண்மை. தெரிவது போதாது, தெரிந்தவர் கையில் சுண்ணாம்பு வாங்கக் காசும் அதிகாரமும் இருக்க வேண்டும். தன் பாயில் சொட்டும் வீட்டுக்காரர் அன்றே ஆள் கூப்பிடுவார். அலுவலகத்தில் கோப்பு நகர வேண்டும். உலக வங்கி உதவியோடு அதே வடிவில் மறுபடி கட்டி 2021இல் திறந்தார்கள். செலவு சுமார் 15 கோடி ரூபாய்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அத்தகைய மழைகள் இனியும் வரும். பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்களிடம் கேட்பது இவ்வளவே: விட்டங்களை மூடாதீர்கள். மூடியே ஆகவேண்டுமென்றால், சுவரை ஒட்டிய ஓரங்களில் கழற்றிப் பார்க்கும்படி பலகையை அமையுங்கள். கறை கண்டால் வெள்ளையடித்து மறைக்காமல், அதன் விளிம்பைப் பென்சிலால் வரைந்து தேதி போட்டு, அடுத்த மழையில் அது கோட்டைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். வீட்டைப் பூட்டிவிட்டு வெளிநாட்டில் இருப்பவர்கள், புரட்டாசிக்குள் ஒருவரை டார்ச்சோடு உள்ளே அனுப்பி ஒவ்வொரு அறையையும் அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள்.